இடப்பக்கக் கதவு

மார்ச் 9, ஞாயிறு

அன்றைக்கு ஹாலில் நின்றவர்கள் பதினோரு பேர். கணப்புக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பிரெண்டன் துரை. நாற்காலியில் துரைசானி, கல்யாணமாகி வந்து ஆறு மாதம்கூட ஆகாதவள். வெள்ளைக் கோட்டின் ஏழு பித்தளைப் பொத்தானையும் போட்டுக்கொண்டு பட்லர் ஞானமுத்து. சமையல்காரர் அந்தோணி, கையில் மாவு காயாமல். கூட்டித் துடைக்கிற சின்னப்பொண்ணு. தோட்டக்காரர் கந்தப்பன். டிரைவர் காதர் பாய். காவல்காரர் மாதையன். எஸ்டேட் ரைட்டர் சுந்தரேசன், காதில் பென்சிலோடு. நடுவில், எல்லோரும் பார்க்கும்படி, துரைசானியின் துணிமணி பார்க்கிற ஆயா நாச்சாயி. அவள் என் அம்மா.

அறுபத்திரண்டு வருஷம் ஆயிற்று. யார் எந்தக் கால்மேல் பாரம் போட்டு நின்றார்கள் என்றுகூடச் சொல்வேன்.

இதை இன்றைக்கு எழுதக் காரணம் என் பேத்தி கிருத்திகா. மலைமேல் தார்ன்லி ஹவுஸைப் பழுதுபார்த்துச் சுற்றுலாக்காரர்களுக்குத் திறக்கப்போகிறார்கள். சித்திரை முதல் தேதி திறப்பு. அதில் வழிகாட்டி வேலை இவளுக்குக் கிடைத்திருக்கிறது. காலையில் சமையலறையில் நின்று, கரண்டியை மைக் மாதிரி பிடித்துக்கொண்டு பாடம் ஒப்பித்தாள். "இந்த அறையிலதான் ஆயா நாச்சாயி துரைசானியோட முத்துமாலையத் திருடினாங்க. வெளிய போக ஒரே வழி, அந்த வழியில உக்காந்திருந்தது அவங்க மட்டும்தான். இன்னைக்கும் அவங்க ஆவி இந்த வராந்தாவுல அலையறதா சொல்றாங்க."

நான் பூண்டு உரித்துக்கொண்டிருந்தேன். உரித்த பல்லையும் தோலையும் ஒரே கிண்ணத்தில் போட்டிருக்கிறேன். மருமகள் தெய்வானை, "என்னத்தை, கண்ணு தெரியலையா" என்றாள். அவள் அப்படிக் கேட்டதை நான் மறக்கமாட்டேன்.

மகனுக்கு உரக்கடையில் கொடுத்த டைரி ஒன்று சும்மா கிடந்தது. மூன்றாம் வகுப்பு எழுத்து, கோணலாகத்தான் வரும். வரட்டும்.

மார்ச் 10, திங்கள்

கிருத்தியோடு மினி பஸ்ஸில் போய் இறங்கினேன். "எதுக்கு அப்பாயி, மூட்டு வலிங்கறீங்களே" என்றாள். பார்க்க ஆசை என்றேன்.

எங்கள் ஆட்கள் அதைப் புகைக்கூண்டு பங்களா என்போம். பதினாறு புகைக்கூண்டு, நாலு நாலாகச் சேர்த்துக் கட்டியது. பழைய பெரிய துரை ஒருவர், சீமையில் தன் அப்பன் வீடு எப்படி இருந்ததோ அச்சு அசலாக அப்படியே வேண்டும் என்று, அங்கேயிருந்து படம் வரவழைத்துக் கட்டினாராம். கட்டியது என்னவோ சேலத்துக் கொத்தனாரும் ஆசாரியும். கரடு முரடான கல்லில் சுவர், சாணைபிடித்த கல்லில் ஜன்னல் ஓரம், உள்ளே ஆளுயரத்துக்கு மரப்பலகை. நடுவில் கோடு கிழித்தால் இந்தப் பாதியும் அந்தப் பாதியும் ஒன்றாயிருக்க வேண்டும். ஒரு கண்ணுக்கு மை தீட்டினால் மறு கண்ணுக்கும் தீட்டியே தீர வேண்டும் என்கிற பிடிவாதம்.

அப்போதெல்லாம் நான் பின்கட்டு வழியாகத்தான் நுழைவேன். இன்றைக்கு முன்வாசல் வழியாகப் போனேன். செருப்பைக் கழற்றவில்லை.

வேலையை நடத்துகிறவள் வசுமதி என்று ஒரு ஆர்க்கிடெக்ட், சென்னைக்காரி, நாற்பது வயதிருக்கும். மேசைமேல் அந்தப் பழைய படத்தை விரித்து நாலு மூலையிலும் கல் வைத்திருந்தாள். கிருத்தி, "எங்க அப்பாயிங்க மேடம், சும்மா பாக்க வந்தாங்க" என்றாள்.

"மேல்வரிசையில ஒன்பது ஜன்னல். ரெண்டு பொய். கண்ணாடிக்குப் பின்னால கறுப்புச் சாயம் அடிச்ச செங்கல்லு" என்றேன்.

வசுமதி நிமிர்ந்து பார்த்தாள். "எது ரெண்டும்மா?"

"இடதுகோடியிலிருந்து மூணாவது. வலதுகோடியிலிருந்து மூணாவது. தொடைச்சவளுக்குத் தெரியாதா."

"நீங்க இங்க வேலை பாத்தீங்களா?"

"சமையக்கட்டுல பாத்திரம் தேச்சேன். விறகு சுமந்தேன்."

கிருத்தி வாயைத் திறந்தவள் மூடவில்லை. இத்தனை வருஷமாக வீட்டில் ஒருவருக்கும் நான் சொன்னதில்லை.

வசுமதி என்னைக் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு சுற்றினாள். பச்சைக் கம்பளித் துணி ஒட்டிய கதவு எங்கே இருந்தது என்று காட்டினேன். வேலைக்காரச் சத்தம் அந்தப் பக்கம் போகக் கூடாது என்று ஒட்டியது அது. மணி வரிசை தொங்கிய சுவரைக் காட்டினேன். சாப்பாட்டு அறையில் கணப்புக்கு இரண்டு பக்கமும் இரண்டு கதவு, அதில் இடப்பக்கத்தது பொய்க்கதவு, திறந்தால் சுவர். "படத்துலயும் அப்படித்தான் இருக்கு" என்று அவளுக்குச் சந்தோஷம்.

மேலே துரைசானி உடுத்துகிற அறை. அங்கேயும் கணப்பு, அங்கேயும் இரண்டு கதவு. வலப்பக்கம் வராந்தாவுக்கு. அதன் வெளியேதான் அம்மா இஸ்திரி மேசை போட்டுக்கொண்டு நாள் முழுக்க நிற்பாள்.

"இதுலயும் இடப்பக்கம் பொய்க்கதவு. கீழ இருக்கற மாதிரியே" என்றாள் வசுமதி.

"இல்ல. அது நெசக்கதவு. பின்னால படி இருக்குது."

அவள் கதவை இழுத்துத் திறந்தாள். பின்னால் பூசிய சுவர். விரலை மடக்கித் தட்டினாள். கெட்டி.

"வயசாச்சுல்லம்மா. கீழ இருக்கறதோட குழப்பிக்கிறீங்க போல."

வசுமதி நல்ல பெண். அப்படிச் சொன்னதை மட்டும் மனசில் முடிந்து வைத்திருக்கிறேன்.

மார்ச் 11, செவ்வாய்

மிளகு காய வைத்தேன். மழை வந்தது. எடுத்தேன்.

மார்ச் 13, வியாழன்

கிருத்தி மூன்று நாளாக என் பின்னாலேயே சுற்றினாள். இன்றைக்கு ரேஷன் கடை வரிசையில் நிற்கும்போது சொல்லிவிட்டேன். முன்னால் நின்ற சரோஜா காது கேளாதவள், பயமில்லை.

"அந்த நாச்சாயி எங்கம்மா."

"உங்கம்மா பேரு அங்கம்மான்னுதானே தாத்தா வீட்டுக் கல்யாணப் பத்திரிகையில இருக்குது."

"திருட்டு நாச்சாயி மகள எவன் கட்டுவான். பேர மாத்திச் சொன்னோம்."

அவள் அரிசிப் பையைக் கீழே வைத்தாள். பிறகு மெதுவாக, "அப்ப எங்க கொள்ளுப்பாட்டிய நானே மைக்குல திருடின்னு சொல்லணுமா அப்பாயி" என்றாள்.

நடந்ததைச் சொன்னேன். முத்துமாலையைக் காணோம் என்று துரைசானி கத்தினாள். எல்லோரையும் ஹாலுக்குக் கூப்பிட்டார்கள். துரை கேட்டார், அறைக்கு வேறு வழி உண்டா என்று. அவர் இந்தத் தோட்டத்துக்கு வந்து இரண்டு வருஷம்தான். அந்த வீட்டின் வயிறு பட்லருக்குத்தான் தெரியும். பின்படியில் போகிறவனும் அவன் ஒருத்தன்தான், சாவியும் அவனிடம்தான். ஞானமுத்து ஒரு கண்ணும் சிமிட்டாமல், "இல்லைங்க துரை, இடப்பக்கம் இருக்கறது பொய்க்கதவு. சாப்பாட்டு அறையில இருக்கறதுக்கு ஜோடி" என்றான். கைப்பிடியும் தாழ்ப்பாளும்கூடப் பொய்க்கு உண்டு, பொருத்தம் பார்ப்பதற்காக. துரை மேலே போய் இழுத்துப் பார்த்தார். திறக்கவில்லை. ஆணி அடித்தது என்றான் பட்லர். பிறகு துரை அம்மாவிடம் கேட்டார், "உன்னைத் தாண்டி யார் உள்ளே போனது?"

அம்மா ஹாலில் நின்ற எல்லோரையும் பார்த்தாள். பிறகு, "யாரும் போவலீங்க" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைதான் அவளைக் கொன்றது. மறுநாள் காலை டிரங்குப் பெட்டியோடு கொண்டை ஊசி வளைவு எல்லாம் நடந்தே இறங்கினோம். அதற்கப்புறம் வேறு தோட்டத்தில் காப்பிப் பழம் பறித்தாள். சாகிற வரைக்கும் திருட்டு நாச்சாயிதான். அந்த வாரமே ஒரு கொத்தனார் வந்து மேலே என்னமோ பூசிவிட்டுப் போனதாகச் சின்னப்பொண்ணு சொன்னாள். சொன்னது எப்போது? அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்தில். அவளை நான் விடவே மாட்டேன், செத்துப்போனாலும்.

கிருத்தி விரல் மடக்கி எண்ணினாள். "பதினோரு பேருன்னீங்க. பத்துதான் வருது அப்பாயி."

"ஒழுங்கா எண்ணு" என்றேன். வரிசை நகர்ந்தது.

மார்ச் 17, திங்கள்

கிருத்தி முதலாளி ராஜவேலுவிடம் போய், அந்தக் கதையைச் சொல்லமாட்டேன் என்றிருக்கிறாள். அவர் சேலத்தில் பெரிய ஜவுளிக்கடைக்காரர், குரல் உயர்த்தாத மனுஷர். "நீ சொல்லலைன்னா அடுத்த புள்ள சொல்லும் கண்ணு. ஆவி இல்லாத பங்களாவ யாரு பஸ்ஸு ஏறி வந்து பாப்பாங்க" என்றாராம். வாசலில் பெரிய பலகை வைக்கப்போகிறார்கள். அம்மாவின் பேரும் அதில் வருகிறது, ஆவிப் படம் போட்டு.

"படி இருந்துச்சுன்னு காட்டிட்டா?" என்று கேட்டாளாம்.

"காட்டு பாப்போம். ஆனா பலகையில ஒரு கீறல் விழக் கூடாது. அது நூத்தம்பது வருசத்துத் தேக்கு."

வேலையை விட்டுவிடு என்றேன். "நான் ஏன் விடணும்? இருந்து பாக்கறேன்" என்றாள். முகம் அப்படியே என் அம்மா.

மார்ச் 20, வியாழன்

கிருத்தி ஒரு டப்பாவில் பிளம் கேக் வாங்கி வந்தாள், யாரோ கூட வேலை செய்கிற பெண்ணுக்குப் பிறந்தநாள். எல்லோரும் தின்றார்கள். எனக்குக் கேக் வாசனை ஆகாது. கொல்லைப்பக்கம் போய் ஆட்டுக்குத் தழை போட்டேன்.

சாயங்காலம் வசுமதியே எங்கள் வீட்டுக்கு வந்தாள். கிருத்தி எல்லாம் சொல்லிவிட்டாள் போல. நாச்சாயி மகள் என்று தெரிந்து வந்தவள், செருப்பை வெளியே விட்டு உள்ளே வந்தாள்.

"அளந்து பாத்தேம்மா. உள்ள இருக்கற அறை நீளத்தையும் வராந்தா நீளத்தையும் கூட்டினா, இடையில நாலடி கணக்கு வரலை."

"படி நாலடிக்குள்ளதான் சுருண்டு போவும்."

"புகைக்கூண்டுச் சுவரும் அவ்வளவு தடிமனா இருக்கலாம். அந்தப் படத்துல அங்க படியே இல்லம்மா."

"படம் போட்டவன் சீமையில உக்காந்து போட்டான். கட்டினவன் இங்க நின்னு கட்டினான்."

அவள் சிரித்தாள். "எனக்கும் நம்பணும்னு இருக்கு. ஆனா சுவத்தை உடைக்கணும்னா கையில ஒண்ணு வேணும். வெறும் ஞாபகத்தை வெச்சு உடைக்க முடியாது."

தெய்வானை அவளுக்குக் காப்பியில் சர்க்கரை குறைவாகப் போட்டுவிட்டாள். வேண்டுமென்றேதான்.

மார்ச் 23, ஞாயிறு

தெய்வானையின் தம்பி வாழவந்தியில் வீடு கட்டுகிறான். இன்றைக்கு நிலை வைக்கிற முகூர்த்தம். காலை ஆறரைக்கே போய்விட்டோம்.

வாசல்நிலையைக் கழுவி மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தார்கள். சம்பந்தியம்மாள் என்னை இரண்டாம் வரிசையில் உட்கார வைத்தாள், அது இருக்கட்டும். ஆசாரி ஒரு மஞ்சள் துணியில் நவதானியமும் செப்புக்காசும் வைத்து முடிந்து, நிலையின் தலைக்கட்டைமேல் கட்டினார். கற்பூரம் காட்டி நிலையைத் தூக்கி நிறுத்தினார்கள். நான் எழுந்து நின்றேன்.

"என்னத்தை, இன்னும் தீபாராதனை ஆவலையே" என்றாள் தெய்வானை.

எனக்கு ஒன்பது வயது இருக்கும். பங்களாவில் கரையான் பிடித்து இரண்டு கதவை ஆசாரி பிரித்தார். மேலே வலப்பக்கக் கதவின் மேற்பலகையைக் கழற்றியதும் உள்ளே தலைக்கட்டைமேல் ஒரு மஞ்சள் துணி முடிச்சு. ஆசாரி அதைத் தொட்டுக் கும்பிட்டு, அவிழ்க்காமல் அப்படியே திரும்ப மூடினார். துரைமாருக்குத் தெரியாமல் அவர் பாட்டன் காலத்தில் கட்டியதாம். கீழே சாப்பாட்டு அறைப் பொய்க்கதவைப் பிரித்தபோது முடிச்சு இல்லை. "தாத்தா, இதுக்குத் துணி எங்க?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். "பொய்க்கதவுக்குக் கட்டினா, லச்சுமி எந்தப் பக்கமா வந்து எந்தப் பக்கமா போவா புள்ள? நுழையற நிலைக்குத்தான் முடிச்சு."

மேலே இடப்பக்கக் கதவு நிஜமென்றால், நிலை வைத்தவன் கட்டாமல் விட்டிருக்கமாட்டான். பிறகு சுவர் அடைத்தவன் அவிழ்க்கமாட்டான். நிலைமுடிச்சை அவிழ்த்தால் அவிழ்த்தவன் வீட்டு விளக்கு அணையும் என்பார்கள். ஞானமுத்து எத்தனை கெட்டிக்காரனாயிருந்தாலும் வெள்ளைக் கோட்டுக்காரன். அவனுக்கு இது தெரிந்திருக்காது.

விருந்து சாப்பிடாமல் பஸ் ஏறினேன். சம்பந்தியம்மாளுக்குக் கோபம். அவளுக்கு நானும் ஒன்று பாக்கி வைத்திருக்கிறேன், சரியாய்ப் போயிற்று.

மார்ச் 24, திங்கள்

வசுமதி ஞாயிறு ஊருக்குப் போனவள் இன்னும் வரவில்லை. கத்தரிக்காய்க் குழம்பு. உப்பு கூடிவிட்டது, நானே வைத்ததுதான்.

மார்ச் 26, புதன்

இன்றைக்கு நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

வசுமதி நான் சொன்னதைக் கேட்டு, அங்கே வேலை செய்கிற ஆசாரி பச்சமுத்துவைக் கூப்பிட்டாள். எடப்பாடிக்காரர், அறுபது வயது. "ஆமாங்க மேடம். நிலைன்னா முடிச்சு உண்டு. நாங்க மாதா கோயிலுக்கு நிலை வெச்சாலும் கட்டிட்டுத்தான் வெப்போம், சாமியார் பாக்காதப்ப" என்றார்.

"மேல் சட்டத்தைக் கழட்டினா பலகை உடையுமா?"

"நாலு ஆணிங்க. பூப்போல எடுத்துப் பூப்போல வெச்சுடறேன்."

முதலாளியும் வந்து நின்றார். வசுமதி கெட்டிக்காரி. நேரே இடப்பக்கத்துக்குப் போகவில்லை. முதலில் கீழே பொய்க்கதவைப் பிரிக்கச் சொன்னாள். உள்ளே வெறும் மரம், கொஞ்சம் தூசி. பிறகு மேலே வலப்பக்கம். பச்சமுத்து ஏணியில் நின்றபடி கையைக் கும்பிட்டார். "இருக்குதுங்க" என்றார். கிருத்தி ஏறிப் பார்த்தாள். மஞ்சள் எல்லாம் போய்ச் சாக்கு நிறத்தில் ஒரு முடிச்சு.

பிறகு ஏணியை இடப்பக்கம் நகர்த்தினார்கள். முதல் ஆணி, இரண்டாவது ஆணி. மூன்றாவது துருப்பிடித்திருந்தது, எண்ணெய் விட்டுக் காத்திருந்தோம். முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் நாற்காலி வேண்டாம் என்று நின்றேன்.

பலகை வந்தது. பச்சமுத்து எட்டிப் பார்த்தார். கீழே இறங்கி, தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, மறுபடி ஏறிக் கும்பிட்டார்.

"என்ன ஆசாரி, சொல்லுங்க" என்றார் முதலாளி.

"இது நுழையற நிலைங்க."

வசுமதி மேசைமேல் இருந்த படத்தை எடுத்துச் சுருட்டினாள். "படம் தப்பு" என்றாள். என் பக்கம் திரும்பி, "நான்தாம்மா குழப்பிக்கிட்டேன்" என்றாள்.

முடிந்து வைத்திருந்ததை அங்கேயே அவிழ்த்துவிட்டேன். அவளுக்குத் தெரியாது.

மார்ச் 28, வெள்ளி

பூச்சைச் சுரண்டினால் உள்ளே வேறு செங்கல். மற்ற சுவரெல்லாம் நீளச் சூளைக்கல். இது குட்டைக் கல், நாட்டுக்கல். பொழுது சாய்வதற்குள் ஆள் நுழையும் அளவுக்கு எடுத்துவிட்டார்கள். வவ்வால் எச்சம், குளிர்ந்த காற்று, இருட்டு. வசுமதி டார்ச் அடித்தாள். கல்படி சுருண்டு கீழே இறங்கிற்று.

"பதினேழு இருக்கும்" என்றேன். "ஒன்பதாவது ஓரம் ஒடைஞ்சிருக்கும், பாத்து."

வசுமதி இறங்கிக்கொண்டே உரக்க எண்ணினாள். எட்டு. கொஞ்சம் நிறுத்தி, "ஒன்பது, உடைஞ்சிருக்கு." பிறகு பதினேழு. கீழே அவள் சுவரைத் தட்டினாள், பட்லர் அறை அலமாரிக்குப் பின்னால் சத்தம் கேட்கிறது என்று கீழே நின்றவர்கள் கத்தினார்கள். கிருத்தி என்னைக் கட்டிக்கொண்டாள். வேலைக்கு வந்த பெண்கள் எல்லாம் கைதட்டினார்கள். எழுபத்து மூன்று வயதில் எனக்கு முதல்முதலாகக் கைதட்டல்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கிருத்தி கேட்டாள், "அது பட்லர் மட்டும் போற படி, சாவி அவர்கிட்டதான்னீங்க. நீங்க எப்ப எண்ணுனீங்க அப்பாயி?"

மூட்டு வலி அதிகம். இதோடு நிறுத்துகிறேன்.

ஏப்ரல் 1, செவ்வாய்

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். கிருத்தி என்னோடு பேசினாள், ஆனால் பஸ்ஸில் கேட்டதை மறுபடி கேட்கவில்லை. கேட்காமல் இருக்கிறவர்களைத்தான் தாங்க முடியாது. அம்மாவும் என்னை ஒரு தரம்கூடக் கேட்கவில்லை.

ஏப்ரல் 3, வியாழன்

முதலாளி காரை அனுப்பினார். சாப்பாட்டு அறையில் அவர், வசுமதி, கிருத்தி, நான். பலகைக்கு என்ன எழுதுவது என்று பேச்சு.

"படி இருந்துச்சு, ஒத்துக்கறேங்கம்மா" என்றார். "படி பார்க்கவே கூட்டம் வரும், ஆவியை விட நல்லாப் போகும். ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. வேற வழி இருந்துச்சுங்கறதால உங்கம்மா எடுக்கலைன்னு ஆயிருமா? அந்த வழியா ஒருத்தன் வந்தான்னு யாரு பாத்தா? நாளைக்கு எவனாவது கேட்டா நான் என்ன சொல்ல?"

நியாயமான கேள்வி. மனுஷன் கெட்டவர் இல்லை.

ஒரு பெண் தட்டில் டீயும் கேக்கும் கொண்டுவந்து வைத்தாள். திறப்பு விழாவுக்கு ருசி பார்க்கச் செய்ததாம். கறுப்புத் திராட்சை போட்டது.

நான் பார்த்தேன் என்றேன்.

அன்று காலை துரைசானி அறைக்கு விறகு கொண்டுபோகிற முறை என்னுடையது. ஞானமுத்து கூப்பிட்டு, "மேல போறப்ப இடப்பக்கக் கதவுத் தாழ்ப்பாள எடுத்து வுடு கண்ணு, பூட்டுக்கு எண்ணெய் போடணும். உங்கம்மாகிட்ட சொல்லாத, அவ பயப்படுவா" என்றான். அம்மா இஸ்திரி மேசையில் இருந்து நகர்ந்து எனக்கு வழி விட்டாள். கன்னத்தில் கரி இருந்ததைத் துடைத்துவிட்டாள். நான் உள்ளே போய் விறகு அடுக்கித் தாழ்ப்பாளை எடுத்தேன். கதவுக்குப் பின்னால் படி. எனக்குப் பதினோரு வயது, படியைப் பார்த்தால் இறங்காமல் இருப்பேனா. ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே இறங்கினேன். கீழே ஞானமுத்து நின்றான், கையில் ஒரு துண்டு பிளம் கேக். "தின்னு" என்றான். அவன் மேலே போனான். நான் தின்று முடிப்பதற்குள் இறங்கி வந்தான், கோட்டுக்குள் கையோடு. மேல்கதவைப் படிப்பக்கமிருந்து பூட்டிவிட்டுச் சாவியோடு வந்திருந்தான்.

அதுதான் நான் முதல்முதலாகத் தின்ற கேக். ஹாலில் நிற்கும்போதும் பல்லிடுக்கில் திராட்சை இருந்தது.

துரை அம்மாவைக் கேட்டாரே, யார் உள்ளே போனது என்று. அம்மா என்னைத்தான் பார்த்தாள். விறகோடு உள்ளே போன நான் அவளைத் தாண்டி வெளியே வரவில்லை என்பது அவளுக்குத் தெரியும். வேறு வழி இருக்கிறது என்று அவள் சொன்னால் அதில் இறங்கியது நான் என்று ஆகும். என்னைச் சேர்க்காமல் எண்ணி, "யாரும் போவலீங்க" என்றாள். நான்தான் எடுத்தேன் என்று நினைத்தாளோ என்னவோ. சாகிற வரைக்கும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

இதையெல்லாம் சொல்லி முடித்தேன். சொன்னதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன்.

முதலாளி கேக் தட்டை எடுத்துப்போகச் சொல்லிச் சைகை காட்டினார். வசுமதி என் கையைப் பிடித்தாள். கிருத்தி மட்டும், "பதினொன்னு" என்றாள், மெதுவாக.

"பத்துக்கு மேல எனக்கு எண்ணத் தெரியாதுன்னு நெனச்சியா" என்றேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

பலகையில் எழுதுவதைப் படித்துக் காட்டினார்கள். மூன்று இடத்தில் திருத்தினேன். 'பணிப்பெண்' என்று போட்டிருந்தார்கள், 'ஆயா' என்று மாற்றச் சொன்னேன். அவள் வேலைக்கு அதுதான் பேர், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. கடைசியில் ஒன்று சேர்க்கச் சொன்னேன். வசுமதி வேண்டாம் என்றாள். சேர்த்தால்தான் ஆயிற்று என்றேன்.

தெய்வானை எனக்குப் பட்டுப்புடவை எடுத்து இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். கேட்காமலே செய்தாள். பூண்டு விஷயத்தை மறந்துவிடலாம்.

ஏப்ரல் 14, திங்கள், சித்திரை ஒன்று

கூட்டம் இருநூறு பேருக்கு மேல். கலெக்டர் ஆபீசிலிருந்துகூட ஆள். வாசலில் மாவிலை, இங்கிலீஷ் வீட்டுக்கு. பெரிய துரை பார்த்திருந்தால் நெஞ்சு வெடித்திருப்பார்.

கிருத்தி மைக் பிடித்தாள். இந்தத் தடவை கரண்டி இல்லை. "இந்த வீட்டைச் சீமையில இருந்து வந்த படத்தை வெச்சுக் கட்டினதா சொல்வாங்க. அந்தப் படத்துல இல்லாத ஒரு கதவு இங்க இருக்கு. அதைக் கட்டின ஆசாரி அதுமேல ஒரு முடிச்சுப் போட்டார். நூத்தம்பது வருசம் கழிச்சு அந்த முடிச்சுதான் ஒரு நல்ல மனுஷிக்குச் சாட்சி சொல்லுச்சு. அவங்க பேரு நாச்சாயி. துரைசானியோட ஆயா. திருடாதவங்க. எங்க கொள்ளுப்பாட்டி."

கைதட்டல் புகைக்கூண்டு வரைக்கும் போயிற்று. கொண்டை ஊசி வளைவுகளில் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்து இறங்கின அம்மா, இந்தச் சத்தத்தில் அத்தனை வளைவும் திரும்பி ஏறி வந்திருப்பாள்.

எல்லோருக்கும் முன்னால் நான்தான் அந்தப் படியில் இறங்கினேன். பிடித்துக்கொள்ள வந்தார்கள், வேண்டாம் என்றேன். ஒன்பதாவதைத் தாண்டிக் கால் வைத்தேன். கீழே பட்லர் அறையில் கிருத்தி நின்றாள், வெறுங்கையோடு, இரண்டு கையையும் நீட்டி.

வெளியே வந்து பலகையைப் படித்தேன். எழுத்துக் கூட்டி, அவசரமில்லாமல். அன்று ஹாலில் நின்றவர்கள் எல்லோர் பேரும் அதில் இருக்கிறது. படித்துக்கொண்டே ஒவ்வொருவராக விட்டேன். துரை ஊருக்குப் புதிது. துரைசானி சின்னப் பெண், அழுதுகொண்டிருந்தாள். அந்தோணி, கந்தப்பன், காதர் பாய், மாதையன், ரைட்டர், இவர்களுக்குத் தெரியாது. சின்னப்பொண்ணு பதினாறாம் நாளாவது சொன்னாள். ஞானமுத்துவைக்கூட விட்டுவிட்டேன். அவன் திருடன். திருடன் பொய் சொல்லாமல் வேறு என்ன செய்வான். அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்காமலே போனாள், அதையும் விட்டேன்.

"சின்னக் கொழந்தைதானே அப்பாயி நீங்க. பதினோரு வயசு" என்றாள் கிருத்தி, பலகையின் கடைசி வரியைப் பார்த்து.

பதினேழு வரைக்கும் எண்ணத் தெரிந்த பிள்ளைக்கு வாயும் இருந்தது என்றேன்.

பத்துப் பேரை விட்டாயிற்று. இந்த ஒருத்தியை மட்டும் விடமாட்டேன். நான் சொன்னபடியே கறுப்பு எழுத்தில் தனியாகப் போட்டிருக்கிறார்கள்:

பதினொன்று. விறகு சுமந்த பாவாயி.